பின்கட்டில் உழைத்தவர்கள்: மித்டிவி அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



அமெரிக்க நாட்டின் பற்பல ஊர்களில், வரவேற்பறையின் மூலையிலோ நிலவறையின் அலமாரியிலோ ஒரு பழைய கணினியை இருத்தி, ஆன்டெனாவிலிருந்து வரும் கம்பியை அதனோடு இணைத்து, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை மித்டிவி என்னும் கட்டற்ற மென்பொருளின் துணையால் பதிவு செய்து, தமக்கு அவகாசம் வாய்க்கும் வேளையில் பார்த்து மகிழும் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். உங்களிற் பெரும்பாலோரை நான் முகமறியேன். ஆயினும் இரவு நேரப் பணியில் இருந்தமையால் மாலை நிகழ்ச்சிகளை மறுநாட் காலையிற் பார்க்க வேண்டியவனாகி, அந்தத் தேவையை முன்னிட்டே இந்தப் பொறியிடம் வந்து சேர்ந்தவன் என்ற முறையில், உங்களுள் ஒருவனாக உரிமையுடன் பேசத் துணிகிறேன். மித்புன்டு என்ற லினக்ஸ் வழங்கல் எவ்வாறு தோன்றியது, நமக்கு எத்தகைய உபகாரம் செய்தது, எதனால் மறைந்தது என்பதை நிதானமாக நினைத்துப் பார்த்து, இன்னும் எஞ்சியிருக்கும் பணியில் நாம் ஏற்க வேண்டிய பங்கு யாது என்பதை உங்களிடம் விண்ணப்பித்துக்கொள்வதே என் நோக்கம்.

ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை ஒருவர் தம் இல்லத்திற் பதிவு செய்து வைத்துப் பின்னர்ப் பார்ப்பது குற்றமாகுமா என்ற வினா அந்நாட்டு நீதிமன்றங்களில் ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காக நடந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியமாட்டார்கள். சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் பதிவுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே யூனிவர்சல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. கடைசியில் 1984 ஜனவரி 17ஆம் நாள், நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்க, வீட்டிற் பதிந்து வைத்துப் பின்பு பார்ப்பது நியாயமான உபயோகமே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதியின் அபிப்பிராயம் மாறியிருந்தால் நம் இல்லங்களில் இன்று இருக்கும் பெட்டிகளின் கதையே வேறாகியிருக்கும். அத்துணை மெல்லிய இழையில் தொங்கி நின்ற உரிமை அது.

உரிமை கிடைத்ததேயொழிய, அதைச் செலுத்தும் கருவி நம் வசமாக மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1999இல் டிவோ, ரீப்ளேடிவி ஆகிய பெட்டிகள் சந்தைக்கு வந்து, நாடாவை ஒழித்து, வன்தட்டிற் பதியும் சௌகரியத்தை அளித்தன. அவற்றுள் டிவோவின் உள்ளே ஓடியது லினக்ஸ் கெர்னலே என்றாலும், அந்தப் பெட்டியை விலை கொடுத்து வாங்கியவர் அதன் மென்பொருளைத் திருத்தி ஓட்ட முற்பட்டால், நிறுவனத்தின் முத்திரை இல்லாத நிரலை ஏற்க மறுக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் இந்த வழக்கத்துக்கு அந்தப் பெட்டியின் பெயரையே சூட்டிக் கண்டித்ததும், 2007 ஜூன் 29ஆம் நாள் வெளியான பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் அதற்கெதிராக ஒரு விதியையே வகுத்ததும் நீங்கள் அறிந்தவை.

இந்தச் சூழ்நிலையில், 2002ஆம் ஆண்டு, ஐசக் ரிச்சர்ட்ஸ் என்ற இளைஞர், தம் கேபிள் நிறுவனம் தந்த பெட்டியின் மந்தகதியும் அதன் நிகழ்ச்சி அட்டவணையின் அவலமும் சலிப்பூட்டவே, அதற்கு மாற்றாக ஒன்றைத் தாமே சமைத்துப் பார்க்கலாம் என்று தொடங்கியதுதான் மித்டிவி. அதன் அமைப்பில் ஓர் அழகு உண்டு. தொலைக்காட்சி அலையைப் பிடித்துப் பதிவு செய்து, அட்டவணையை ஆராய்ந்து, கோப்புகளைக் காத்து நிற்கும் பகுதி ஒன்று. பார்ப்பவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பழகும் பகுதி மற்றொன்று. ஆங்கிலத்தில் பேக்எண்ட், ஃப்ரண்ட்எண்ட் என்று அவற்றை வழங்குகிறோம். நம் பழைய வீடுகளின் பின்கட்டையும் முன்கட்டையும் அறிந்த எவருக்கும் இந்த ஏற்பாடு உடனே விளங்கும். பின்கட்டு ஒன்றே இருக்க, முன்கட்டுகளை வீட்டின் எத்தனை அறைகளில் வேண்டுமாயினும் வைத்துக்கொள்ளலாம். கூடத்திற் பாதி பார்த்த நிகழ்ச்சியின் மீதியைப் படுக்கையறையில் தொடரலாம்.

இரண்டு டியூனர்கள் மட்டுமே உள்ள பெட்டியில், ஒரே மணி நேரத்தில் மூன்று நிகழ்ச்சிகள் வேண்டப்பட்டால், வீட்டார் கொடுத்த முன்னுரிமையைப் பார்த்து, மூன்றனுள் எது இரண்டு நாள் கழித்து மறு ஒளிபரப்பாகிறது என்று அட்டவணையைத் துழாவி, அதை அந்த நாளுக்குத் தள்ளி, மூன்றையும் தவறாமற் பதிந்து கொடுக்கும் அதன் சாமர்த்தியத்தை நான் எத்தனை முறை வியந்திருப்பேன்! முன்பே பார்த்துவிட்ட அத்தியாயம் மீண்டும் வந்தால் விட்டுவிடும். வன்தட்டு நிறைந்தால் பழையவற்றைத் தானே கழிக்கும். இடையில் திரை கறுக்கும் கணங்களையும், காட்சி மாறும் வேகத்தையும், மூலையில் நிற்கும் நிலையச் சின்னம் மறைவதையும் கொண்டு விளம்பரங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கணித்துக் குறித்து வைக்கும். இவ்வளவும் வியாபார நோக்கம் அணுவளவும் இல்லாத சிலர் தம் ஓய்வு நேரத்தில் எழுதியவை.

ஆனால் மித்டிவியின் மூலநிரல் ஒருவர் கைக்குக் கிடைப்பதும், அவர் வீட்டில் அது ஓடுவதும் ஒன்றல்ல. டியூனர் அட்டையை லினக்ஸ் அறிந்துகொள்ள ஓர் இயக்கி வேண்டும். அதனை எழுதுவோர் ஒரு குழுவினர். ரிமோட்டின் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரைப் பொருள்படுத்தும் லிர்க் என்ற நிரலை எழுதுவோர் மற்றொரு குழுவினர். எந்த நிகழ்ச்சி எப்போது என்ற விவரம் முழுவதும் மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்தாக வேண்டும். பல அறைகளில் உள்ள கணினிகளின் கடிகாரங்கள் ஒத்து நடக்க வேண்டும். பெட்டி உறங்கிக் கிடந்தாலும் பதிவு நேரத்துக்குச் சற்று முன் விழித்தெழ வேண்டும். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே பொருத்த முனைந்தவர்கள் வார இறுதிகள் பலவற்றை அதிலேயே இழந்தார்கள். வயலில் விளைந்த நெல் எவ்வளவு உயர்ந்ததாயினும், குத்திப் புடைத்துக் கல் நீக்கி உலையிலிட்டு வடித்து இலையில் இடுவார் இல்லையேல் பசித்தவனுக்கு அதனாற் பிரயோஜனம் இல்லை அல்லவா? அந்தச் சமையலைச் செய்து தருவதே வழங்கல் என்பதன் கைங்கரியம்.

முதலில் அதனை ஏற்றவர்களுள் ஒருவர் செசில் வாட்சன். ஜெர்மானியரான கிளவுஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ் குறுவட்டை அடியாகக் கொண்டு, மித்டிவியை அதனோடு இணைத்து, நாப்மித் என்று அவர் வழங்கினார். அது 2008இல் ஆர்ச் லினக்ஸின் மீது மாறி லின்எச்ஈஎஸ் என்று பெயர் பெற்றது. ஃபெடோராவின் மீது மித்டோரா எழுந்தது. என் அனுபவத்துக்கு உரியது மித்புன்டு. ஆகவே அதைப் பற்றியே விரித்துப் பேசுகிறேன்.

2007ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. அதுவரை ஹாப்பாக் நிறுவனத்தின் பிவிஆர் அட்டைகளை ஓட்ட விரும்பியோர் ஐவிடிவி என்ற இயக்கியைத் தனியே கொணர்ந்து, கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி தொகுத்து, பொருந்தாவிட்டால் மீண்டும் முயன்று பாடுபட்டு வந்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் வெளியான 2.6.22ஆம் கெர்னல் அந்த இயக்கியைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. கோடையிலேயே ஓர் இடியும் விழுந்தது: அதுகாறும் நிகழ்ச்சி அட்டவணையை இலவசமாக அளித்து வந்த நிறுவனம் செப்டம்பர் முதல் தேதியோடு அந்தச் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. அட்டவணை இல்லாத பதிவுப் பெட்டி, பஞ்சாங்கம் இல்லாத புரோகிதரைப் போன்றது. எல்லாம் இதோடு முடிந்தது என்றே பலர் நினைத்தனர். அப்போது மித்டிவியையும் அதனை ஒத்த மென்பொருள்களையும் உபயோகித்தோரும் எழுதியோரும் ஒன்றுகூடி, ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனத்தை நிறுவி, அதே அட்டவணையை உரிமம் பெற்று, சிறு சந்தா செலுத்தும் உறுப்பினர்களுக்கு வழங்கத் தொடங்கினார்கள். அந்தக் கலக்கம் அடங்கிய சில வாரங்களில், அக்டோபர் மாதத்தில், உபுன்டுவின் கிளையாக மித்புன்டு 7.10 வெளிவந்தது, அதன் உள்ளே இருந்தது 2.6.22ஆம் கெர்னலே.

அந்தக் குறுவட்டைக் கணினியில் இட்டபோது அது கேட்ட கேள்விகள் மிகச் சில. இந்தக் கணினி பின்கட்டா, முன்கட்டா, இரண்டுமா? ரிமோட் எது? இவற்றுக்கு விடை சொன்னால், தரவுத்தளமும் கடிகார ஒழுங்கும் எக்ஸ்எஃப்சிஈ என்ற எளிய திரையும் தாமே அமைந்தன. வன்தட்டில் எதையும் நிறுவாமல், வட்டிலிருந்தே ஓட்டி, வீட்டில் முன்பே உள்ள பின்கட்டோடு இணைத்து அதனை ஒரு முன்கட்டாகப் பரீட்சித்துப் பார்க்கவும் வழி இருந்தது. பின்னர் எதையேனும் மாற்ற வேண்டின், அதற்கென்றே கட்டுப்பாட்டு மையம் ஒன்றையும் மித்புன்டுவை உருவாக்கிய குழுவினர் ஆக்கித் தந்திருந்தனர்.

இதனினும் முக்கியமான ஒன்று, வெளியே தெரியாதது. மித்டிவியில் முன்கட்டின் பதிப்பும் பின்கட்டின் பதிப்பும் ஒத்திராவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பேச மறுத்துவிடும். ஓர் அறையில் மட்டும் புதிய பதிப்பு நுழைந்தால் அன்று மாலை அந்த அறையிற் படம் தெரியாது. வீடு முழுவதும் ஒருசேரப் புதுப்பிக்கப்பட வேண்டும்; தரவுத்தளத்தின் அமைப்பு மாறுவதற்கு முன் அதன் நகல் எடுத்து வைக்கப்பட வேண்டும்; வேண்டாதவர் பழைய பதிப்பிலேயே நிலைத்திருக்கவும் வேண்டும். இதற்கென்றே மித்புன்டு குழுவினர் தனிக் களஞ்சியம் ஒன்றை நடத்தி, ஒவ்வொரு பதிப்பு வரிசைக்கும் திருத்தங்களைத் தொகுத்து இட்டு வந்தார்கள். இதற்கு எவரும் அவர்களைப் பாராட்டிச் சொல்ல நான் கேட்டதில்லை. தவறு நேர்ந்த நாட்களில் முறையிட்டவர்கள் பலர்.

என் அனுபவம் ஒன்றை இங்கே மறைக்காமற் சொல்ல வேண்டும். என் பெட்டியில் பிவிஆர்-150 அட்டை இருந்தது. அது அலையை உள்ளேயே எம்பெக்-2 வடிவமாக்கித் தருவதால் கணினிக்குச் சிரமம் இல்லை. ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 2 கிகாபைட் ஆகும். 2009 ஜூன் 12இல் பெரிய நிலையங்கள் அனைத்தும் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தியபின், டிஜிட்டல் டியூனருக்கு மாறினேன். அம்முறையில் ஓர் அலைவரிசை வினாடிக்கு 19.39 மெகாபிட் வரை சுமக்கும். வருவதை வந்தபடியே எழுதி வைப்பதால் பதிவுக்கும் ஒளிபரப்புக்கும் எள்ளளவு வேற்றுமையும் இராது. ஆனால் ஒரு மணி நேரம் 8.7 கிகாபைட் வரை வளரக்கூடும். அதற்குப் பின்னர், சில பதிவுகளின் நடுவே படம் சில வினாடிகள் துண்டாகி விழுவதைக் கண்டேன். ஆன்டெனாவைத் திருப்பினேன், கம்பியை மாற்றினேன், பயனில்லை. பல வாரம் கூர்ந்து நோக்கிய பிறகே, வேறொரு பெரிய பதிவை யாரேனும் அழிக்கும் கணத்தில்தான் அந்தத் துண்டிப்பு நேர்கிறது என்பது புலப்பட்டது. ஈஎக்ஸ்டி3 கோப்பு முறையில் இத்தகைய பெருங்கோப்பை அழிக்கப் பல வினாடிகள் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் வன்தட்டு வேறு வேலையை ஏற்காமல் திணறும். எழுதக் காத்திருக்கும் படம் வழிந்து வீணாகும். கோப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து அழிக்கும் ஏற்பாடு ஒன்று மித்டிவியிலேயே உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன், பதிவுகளை எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைக்கு மாற்றிக்கொண்டேன், குறை நீங்கியது.

நீங்கியதும் நான் செய்தது என்ன? ஒன்றுமில்லை. இன்ன அட்டை, இன்ன கோப்பு முறை, இன்ன வேளையில் இன்ன துண்டிப்பு என்று நான்கு வரி எழுதி மித்புன்டு குழுவினருக்கு அனுப்பியிருந்தால், என்னைப் போலவே ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த வேறு எத்தனையோ பேருக்கு உதவியாயிருக்கும். என் கூடத்திற் படம் சரியாகத் தெரிந்தது. அதோடு என் சிரத்தை முடிந்துவிட்டது. அந்த நாட்களில் அந்தக் குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் கேட்டதுகூட இல்லை.

பத்துப் பேர் இருந்தார்கள். 2016 நவம்பரில், மித்புன்டு தனி வழங்கலாக இனி வெளிவராது என்று அவர்கள் அறிவித்தபோது எஞ்சியிருந்தவர்கள் இருவர். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற வழக்கத்தை 2012இலேயே கைவிட்டு, நீண்ட காலப் பராமரிப்புக்கு உரிய பதிப்புகளை மட்டும் வெளியிட்டு வந்ததன் காரணமும் அந்த ஆள் குறைவுதான் என்று இப்போது எண்ணுகிறேன். வழங்கலை நிறுத்திய பின்னும் மித்டிவியின் பொதிகளைத் தொகுத்து அளிப்பதை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கொன்றவனாவேன். அவர்கள் சோர்ந்து விலகினார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது அநியாயமான பேச்சாகவே படுகிறது. ஒன்பது ஆண்டுகள் பிறர் வீட்டு மாலைப் பொழுதுகளுக்காகத் தம் மாலைப் பொழுதுகளைத் தந்தவர்கள் அவர்கள். அவர்கள் இடத்துக்கு வந்து நிற்க நம்மில் எவரும் முன்வரவில்லை என்பதே நடந்தது.

அதன்பின் காலமும் மாறிவிட்டது. இணையத்தின் வழியே விரும்பிய படத்தை விரும்பிய நேரத்திற் பார்க்கும் வழக்கம் பரவிவிட்டமையால், வீட்டிற் பதிவு எதற்கு என்று கேட்பார் பலர். அவர்களோடு நான் வாதிட விரும்பவில்லை. ஆனால் சந்தா நிறுவனம் இன்று காட்டும் படத்தை நாளை தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதையும், ஊர் நிலையத்தின் செய்தியும் நகர மன்ற விவாதமும் ஒருமுறை காற்றில் வந்து போய்விட்டாற் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை என்பதையும் நீங்கள் உணர்ந்திருப்பதனால்தான் இன்னும் இந்தப் பெட்டிகளை வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது புதியதொரு கவலையும் எழுந்திருக்கிறது. ஒளிபரப்பில் ஒரு குறியைச் செருகி, அதற்குக் கீழ்ப்படியாத டியூனர்களைத் தடை செய்ய 2003இல் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் விதி வகுத்தது. நூலகச் சங்கத்தார் தொடுத்த வழக்கில், அந்த விதி நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு மாதம் இருக்கையில், 2005 மே மாதம் நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. அன்று சட்டத்தின் வாயிலாக வர இயலாமற் போனது, இன்று ஏடிஎஸ்சி 3.0 என்னும் புதிய ஒளிபரப்பு முறையின் வாயிலாக வேறு உருவில் வருகிறது. 2023 முதல் பல நகரங்களில் நிலையங்கள் தம் புதிய முறை ஒளிபரப்பைக் குறியாக்கம் செய்து பூட்டி அனுப்புகின்றன. சான்று பெறாத கருவிக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் அதன் திறவுகோல் கிடைப்பதில்லை. பழைய முறை ஒளிபரப்பு தொடரும் மட்டும் நம் பெட்டிகளுக்குக் குறையில்லை. அது நிற்கும் நாளில், நாங்கள் இத்தனை பேர் இவ்வாறு பதிவு செய்து வருகிறோம் என்று ஆணையத்தின் முன் எடுத்துரைக்க, இயங்கும் மென்பொருளும் அதைப் பேணும் சமூகமும் இருந்தாக வேண்டும்.

ஆகவே என் விண்ணப்பம். மித்டிவியை எழுதுவோர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2024இலும் புதிய பதிப்பு வந்தது. அவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாயினும், உலகில் விற்கப்பட்ட டியூனர்கள் அனைத்தையும் வாங்கி வைத்துப் பரீட்சிக்க அவர்களால் இயலாது. அந்த டியூனர்கள் நம் அலமாரிகளில் இருக்கின்றன. நிரல் எழுதத் தெரியாது என்று நீங்கள் கூறலாம், எனக்கும் தெரியாது. புதிய பதிப்பின் முன்னோட்டம் வெளிவரும்போது, வேலையற்றுக் கிடக்கும் ஒரு கணினியில் அதை நிறுவி, ஒரு வார காலம் பதிவு செய்து பார்த்து, அட்டையின் பெயரையும் கெர்னலின் எண்ணையும் பதிவேட்டில் எழுந்த பிழை வரிகளையும் சுருக்காமல் திருத்தாமல் எழுதி அனுப்ப நிரல் ஞானம் தேவையில்லை. பொறுமை ஒன்று போதும். குறையில்லாமல் ஓடினால் அதையும் எழுத வேண்டும்; ஓடுகிறது என்று எவரும் எழுதுவதில்லையாதலால், எது சரியாக இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. சற்றே பழக்கம் உள்ளவர்கள் ஏதேனும் ஒரு வழங்கலுக்குப் பொதி தொகுக்கும் பொறுப்பில் ஒரு சிறு கூற்றை ஏற்கலாம்; பத்துப் பேர் சுமந்ததை இருவர் சுமக்க நேர்ந்தது, பொறுப்பைச் சிறு கூறுகளாக்கி வாங்கிக்கொள்வார் இல்லாமையால்தான். நன்றாக எழுத வல்லவர்கள் பழைய வழிகாட்டிக் குறிப்புகளை எடுத்து, இன்று கிடைக்காத அட்டைகளைப் பற்றிய பகுதிகளைப் பிரித்து வைத்து, புதிதாக வருபவருக்கு முதல் நாள் மாலையே ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து காட்டும்படியாகத் திருத்தியமைக்கலாம்.

2007இல் அட்டவணை நின்றுபோகும் என்ற செய்தி வந்தபோது, உபயோகிப்பவர் என்றும் ஆக்குபவர் என்றும் பிரிந்து நில்லாமல் ஒன்றாக எழுந்தவர்களின் கூட்டம் நம்முடையது. அன்று நிறுவப்பட்ட ஷெட்யூல்ஸ் டைரக்டின் சந்தாவில்தான் இன்றும் பலருடைய பெட்டிகள் ஓடுகின்றன.

என்னளவில், நிலவறையில் பல ஆண்டுகளாக ஓய்ந்து கிடந்த இரண்டாவது கணினியைத் தூசு தட்டி எடுத்து, புதிய வன்தட்டு ஒன்றைப் பொருத்தி, ஆன்டெனாக் கம்பியைப் பிரித்து அதற்கும் ஓர் இழை கொடுத்திருக்கிறேன். வீட்டாரின் நிகழ்ச்சிகள் வழக்கம் போலப் பழைய பெட்டியிலேயே பதிவாகும். அடுத்த பதிப்பின் முன்னோட்டம் இந்த இரண்டாவது கணினியில் ஓடும். அதனருகில் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பன்,
மித்புன்டுவின் பழைய பயனர் ஒருவன்